கையெழுத்து உண்டு, கூட்டணி இல்லை: நாடுகள் பாதுகாப்பு உறவைக் கட்டும் முறை

2025-ஆம் ஆண்டின் இரண்டாம் பாதியில், ஆறு வார இடைவெளியில் கையெழுத்தான இரண்டு ஆவணங்கள் செய்தி வாசிப்பவர்களைக் குழப்பின. செப்டம்பர் 17 அன்று ரியாத்தில் சவூதி அரேபியாவும் பாகிஸ்தானும் செய்துகொண்ட ஒப்பந்தம், இரு நாடுகளில் எதன் மீது ஆக்கிரமிப்பு நடந்தாலும் அது இரண்டின் மீதும் நடந்ததாகக் கருதப்படும் என்றது. அக்டோபர் 31 அன்று கோலாலம்பூரில் இந்தியாவும் அமெரிக்காவும் பத்து ஆண்டுகளுக்கான பாதுகாப்புக் கட்டமைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அதில் அப்படியொரு வாசகம் இல்லை.

இத்தனைக்கும், அதே ஆண்டு ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா 50 சதவீத வரி வசூலிக்கத் தொடங்கியிருந்தது. திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் அமெரிக்க ஆர்டர்கள் என்ன ஆகுமோ என்று கவலையில் இருந்த அந்த செப்டம்பரில்தான், இரு நாட்டுத் தரைப்படைகளும் அலாஸ்காவில் 'யுத் அபியாஸ்' கூட்டுப் பயிற்சியை நடத்திக்கொண்டிருந்தன. வரியில் மோதிக்கொள்ளும் இரு அரசுகள் பயிற்சிக் களத்தில் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன? கூட்டணியே இல்லை என்றால், பத்தாண்டுக் கையெழுத்து எதைக் கட்டுப்படுத்துகிறது?

இத்தகைய உறவுகளின் ஆழத்தை அவற்றுக்குச் சூட்டப்படும் பெயரை வைத்து அளக்க முடியாது. எரிபொருளுக்கு யார் பில் கட்டுகிறார்கள், விமானத்தின் வானொலியில் யாருடைய சங்கேத முறை இருக்கிறது, கப்பல் எங்கே பழுதுபார்க்கப்படுகிறது, உதிரி பாகம் எங்கிருந்து வருகிறது என்பவற்றைக் கொண்டுதான் அளக்க முடியும். இவற்றில் பெரும்பாலானவற்றைச் சென்னையைச் சுற்றி எழுபது, எண்பது கிலோமீட்டருக்குள்ளேயே பார்த்துவிடலாம்.

ராணுவக் கூட்டணி எதைக் கட்டாயமாக்குகிறது?

'உன்னை ஒருவர் தாக்கினால் நான் வருவேன்' என்ற வாக்குறுதியை எழுதி, கையெழுத்திட்டு, பெரும்பாலும் நாடாளுமன்ற ஒப்புதலும் பெற்று வைத்துக்கொள்வதே ராணுவக் கூட்டணி. 1949 ஏப்ரல் 4 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்ட நேட்டோ உடன்படிக்கையின் 5-ஆவது பிரிவு இதற்கு முன்மாதிரி. ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ ஓர் உறுப்பு நாட்டின் மீது நடக்கும் ஆயுதத் தாக்குதல் எல்லா உறுப்பு நாடுகள் மீதும் நடந்ததாகக் கருதப்படும் என்கிறது அது. ஆனால் அதே பிரிவை இறுதிவரை வாசித்தால், ஒவ்வொரு நாடும் தேவை எனத் தான் கருதும் நடவடிக்கையை எடுக்கும் என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. படை அனுப்புவது அந்த நடவடிக்கைகளில் ஒன்றாக இருக்கலாம், அவ்வளவுதான். இதுவரை அந்தப் பிரிவு ஒரே ஒரு முறை, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, பயன்படுத்தப்பட்டிருக்கிறது.

ஆகவே நேட்டோவின் பலம் வாசகத்தில் மட்டும் இல்லை. நிரந்தரமாக இயங்கும் கூட்டுத் தலைமையகம், ஒரு நாட்டின் துப்பாக்கியில் இன்னொரு நாட்டின் தோட்டா பொருந்தும்படியான பொது அளவுகள், ஐரோப்பிய மண்ணில் பல பத்தாண்டுகளாக நிலைகொண்டுள்ள அமெரிக்கப் படைகள் ஆகியவை சேர்ந்துதான் அந்த வாசகத்துக்கு உயிர் கொடுக்கின்றன.

இந்த ஏற்பாடுகள் இல்லாத கூட்டணி எப்படிப் போகும் என்பதற்குப் பாகிஸ்தானின் அனுபவமே சான்று. 1954-இல் மணிலாவில் உருவான தென்கிழக்கு ஆசியக் கூட்டணியான சீட்டோவிலும், 1955-இல் பாக்தாத் ஒப்பந்தமாகத் தொடங்கிப் பின்னர் சென்டோ என்றான அமைப்பிலும் பாகிஸ்தான் உறுப்பினர். அதனால் அமெரிக்க ஆயுதங்கள் கிடைத்தன. ஆனால் 1965-இலும் 1971-இலும் இந்தியாவுடன் போர் மூண்டபோது எந்தக் கூட்டணிப் படையும் பாகிஸ்தானுக்காகக் களமிறங்கவில்லை. சீட்டோவில் தன் கடமை கம்யூனிச ஆக்கிரமிப்புக்கு மட்டுமே பொருந்தும் என்று அமெரிக்கா தொடக்கத்திலேயே குறிப்பு எழுதி வைத்திருந்தது. 1977-இல் சீட்டோவும் 1979-இல் சென்டோவும் முடிவுக்கு வந்தன. சவூதியுடனான இன்றைய ஒப்பந்தத்தை எடைபோடும்போதும் அந்த ஒரு வரியை மட்டும் பார்ப்பது போதாது. பாகிஸ்தான் ராணுவத்தினர் பல பத்தாண்டுகளாகச் சவூதியில் பயிற்சியாளர்களாக இருந்து வருகிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கூட்டணியை ஏன் தவிர்க்கிறார்கள்?

காரணங்கள் மூன்று.

1. அடுத்தவர் போரில் சிக்கிக்கொள்ளும் அச்சம். வாக்குறுதி இரு பக்கமும் பாயும். தனக்கு ஆதாயமில்லாத ஒரு மோதலில், கையெழுத்தின் பேரால் படை அனுப்ப வேண்டியிருக்கும்.

2. கைவிடப்படும் அச்சம். கூட்டாளி வருவார் என்று நம்பித் தன் படையைச் சிறிதாக வைத்துக்கொண்ட நாடு, அவர் வராமல் போனால் கூட்டணியே இல்லாத நாட்டைவிட மோசமான நிலையில் நிற்கும்.

3. எதிரியை முன்கூட்டியே அறிவித்துவிடும் விளைவு. ஒரு பெரிய நாட்டுடன் எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் நாடு, அந்த அண்டை நாட்டின் போட்டியாளரோடு கூட்டணி சேர்ந்தால், இதுவரை பேச்சுவார்த்தையில் இருந்த தகராறு வேறொரு தளத்துக்குப் போய்விடும். வியட்நாம் இதை வெளிப்படையாகவே கொள்கையாக்கியிருக்கிறது: ராணுவக் கூட்டணியில் சேர்வதில்லை, ஒரு நாட்டை எதிர்க்க இன்னொரு நாட்டோடு சேர்வதில்லை, தன் மண்ணில் அந்நியத் தளம் அமைக்க விடுவதில்லை, சர்வதேச உறவில் படைபலத்தைப் பயன்படுத்துவதோ மிரட்டுவதோ இல்லை என்ற நான்கு 'இல்லை'கள் அதன் 2019 பாதுகாப்பு வெள்ளை அறிக்கையில் உள்ளன. அதே வியட்நாம் இந்தியாவோடும் ரஷ்யாவோடும் சீனாவோடும் அமெரிக்காவோடும் ஒரே உயர்மட்டப் பெயரில் கூட்டாண்மை வைத்திருக்கிறது.

தமிழக அரசியலைக் கவனிப்பவர்களுக்கு இது புதிதல்ல. 'தொகுதி உடன்பாடு மட்டும்தான், கூட்டணி இல்லை' என்று அறிவிக்கும் கட்சி எதற்காக அப்படிச் சொல்கிறதோ, ஏறக்குறைய அதே காரணத்துக்காகத்தான் நாடுகளும் சொல்கின்றன: இந்தத் தேர்தலின் ஆதாயம் வேண்டும், அடுத்த தேர்தலின் கதவும் திறந்திருக்க வேண்டும்.

இந்தியா கூட்டணிக்கு மிக அருகில் போனது 1971 ஆகஸ்ட் 9 அன்று. அன்று சோவியத் யூனியனுடன் கையெழுத்தான 20 ஆண்டு நட்புறவு உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவு, ஒரு நாடு தாக்கப்பட்டாலோ தாக்கப்படும் அச்சம் எழுந்தாலோ இரு நாடுகளும் உடனே கலந்தாலோசித்து, அச்சத்தை அகற்றத் தக்க நடவடிக்கை எடுக்கும் என்றது. படை அனுப்பும் கடமை என்று எங்கும் இல்லை. 4-ஆவது பிரிவில், இந்தியாவின் அணிசேராக் கொள்கையைச் சோவியத் யூனியன் மதிக்கிறது என்ற வரியும் இருந்தது. நான்கே மாதத்தில் வங்கதேசப் போர் மூண்டு, அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவை நோக்கி வந்தபோது, சோவியத் கப்பல்களும் இந்தியப் பெருங்கடலில் நடமாடின, ஐ.நா. பாதுகாப்பு அவையில் போர் நிறுத்தத் தீர்மானங்களைச் சோவியத் யூனியன் தன் ரத்து அதிகாரத்தால் தடுத்தது. 'கலந்தாலோசிப்போம்' என்ற தளர்வான ஒரு வரி, சீட்டோவின் இறுக்கமான வாசகத்தைவிட அதிகம் வேலை செய்த தருணம் அது. 1993-இல் ரஷ்யாவுடன் இந்த உடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டபோது அந்தப் பாதுகாப்புப் பிரிவு தொடரவில்லை.

படிப்படியாகக் கட்டும் முறை

1998-இல் பிரான்சுடன் தொடங்கி இந்தியா பல நாடுகளுடன் 'உத்திசார் கூட்டாண்மை' அறிவித்திருக்கிறது. அறிவிப்பு ஒரே நாளில் முடிந்துவிடும். அதற்கு உள்ளடக்கம் சேர ஆண்டுகள் ஆகும். அது பெரும்பாலும் கீழ்க்காணும் வரிசையில் சேர்கிறது.

1. போரல்லாத ஒரு பொதுத் தொல்லை. 1999-இல் கடற்கொள்ளையர் கைப்பற்றிய அலோண்ட்ரா ரெயின்போ என்ற ஜப்பானியருக்குச் சொந்தமான சரக்குக் கப்பலை இந்தியக் கடலோரக் காவல்படையும் கடற்படையும் அரபிக் கடலில் துரத்திப் பிடித்தன. அதிலிருந்து பிறந்ததுதான் இரு நாட்டுக் கடலோரக் காவல்படைகளின் 'சஹ்யோக் கைஜின்' பயிற்சி. அது சென்னைக் கடலில் பலமுறை நடந்திருக்கிறது, 2024 ஜனவரியில் யாஷிமா என்ற ஜப்பானியக் கப்பல் அதற்காகவே சென்னைக்கு வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது நிவாரணத்தை ஒருங்கிணைக்க இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய நான்கும் அவசரமாக அமைத்த குழு சில நாள்களே நீடித்தது. ஆனால் 2007-இல் முதன்முறை கூடி, பின்னர் உறங்கி, 2017-இல் மீண்டும் எழுந்த, இதே நான்கு நாடுகளின் குவாட் அமைப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது. கொள்ளையரையும் பேரிடரையும் எதிர்த்துச் சேர்வதை எந்த அண்டை நாடும் ஆட்சேபிக்க முடியாது என்பது இந்தத் தொடக்கத்தின் வசதி.

2. திரும்பத் திரும்ப நடக்கும் பயிற்சி. பயிற்சியில் நாம் படத்தில் பார்ப்பது ஏவுகணையும் அணிவகுப்பும். கப்பலுக்குள் நடப்பது வேறு: எரிபொருள் குழாயின் இணைப்பு பொருந்துகிறதா, ஹெலிகாப்டர் இன்னொரு நாட்டுக் கப்பலின் தளத்தில் இறங்கலாமா, எந்த அலைவரிசையில் எந்தச் சொல்லால் அழைப்பது என்ற சில்லறை விஷயங்கள். 1992-இல் இந்தியாவும் அமெரிக்காவும் தொடங்கிய மலபார் கடற்படைப் பயிற்சியில் 2015-இல் ஜப்பான் நிரந்தரமாகச் சேர்ந்தது. 2020-இல் ஆஸ்திரேலியா திரும்ப வந்தது.

பயிற்சியின் அரசியல் பயன் பழக்கப்படுத்துதல். 2007 ஜூலையில் அமெரிக்காவின் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலான நிமிட்ஸ் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டபோது பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. அந்த செப்டம்பரில் வங்காள விரிகுடாவில் ஐந்து நாடுகள் பங்கேற்ற மலபார் பயிற்சியைக் கண்டித்து இடதுசாரிக் கட்சிகள் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினம் நோக்கிப் பிரசாரப் பயணம் நடத்தின. சரியாகப் பத்தாண்டு கழித்து, 2017 ஜூலையில், சென்னையை மையமாகக் கொண்டு நடந்த மலபார் பயிற்சிக்கு அதே நிமிட்ஸ் வந்தது. இந்தியாவின் விக்ரமாதித்யா, ஜப்பானின் இசுமோ ஆகிய போர்க்கப்பல்களும் உடன் நின்றன. இந்த முறை நகரம் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

3. எரிபொருளும் பில்லும். 1991 வளைகுடாப் போரின்போது அமெரிக்க ராணுவ விமானங்கள் இந்திய விமான நிலையங்களில் எரிபொருள் நிரப்ப சந்திரசேகர் அரசு அனுமதித்தது பெரும் சர்ச்சையாகி, அந்த வசதி நிறுத்தப்பட்டது. அதற்கு 25 ஆண்டுகள் கழித்து, 2016 ஆகஸ்ட் 29 அன்று, அமெரிக்காவுடன் லெமோவா எனப்படும் தளவாடப் பரிமாற்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒருவர் துறைமுகத்திலோ விமானத் தளத்திலோ மற்றவர் எரிபொருள், உணவு, தண்ணீர், பழுதுபார்ப்பு, மருத்துவ உதவி ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு, பின்னர் கணக்குத் தீர்க்கலாம் என்பதே அதன் சாரம். தளம் அமைக்கும் உரிமை இல்லை. பயிற்சி, துறைமுக வருகை போன்றவை தவிர்த்த மற்றவற்றுக்கு ஒவ்வொரு முறையும் தனி அனுமதி வேண்டும். இதே வகை ஏற்பாட்டை இந்தியா 2018-இல் பிரான்சுடனும் 2020-இல் ஆஸ்திரேலியா, ஜப்பான் ஆகியவற்றுடனும் செய்துகொண்டது. கேட்பதற்குக் கணக்கர் வேலை போலத் தோன்றும் இந்த ஒப்பந்தம்தான் கடற்படையின் எல்லையை மாற்றுகிறது. எரிபொருள் கிடைக்கும் துறைமுகம் எத்தனை தூரத்தில் இருக்கிறதோ, அத்தனை தூரம்தான் ஒரு போர்க்கப்பல் தடையின்றி ரோந்து போக முடியும்.

4. ரகசியமும் வரைபடமும். அமெரிக்காவுடன், ரகசியத் தகவலைக் காக்கும் ஒப்பந்தம் 2002-இலும், பாதுகாக்கப்பட்ட தகவல்தொடர்புக்கான காம்காசா 2018 செப்டம்பர் 6 அன்றும், புவிசார் தரவுகளுக்கான பெக்கா 2020 அக்டோபர் 27 அன்றும் வந்தன. கடைசி ஒப்பந்தம் கையெழுத்தானபோது கிழக்கு லடாக்கில் இந்திய, சீனப் படைகள் நேருக்கு நேர் நின்றுகொண்டிருந்தன. ஏவுகணையும் ஆளில்லா விமானமும் இலக்கைத் தப்பாமல் சேர, நிலத்தின் துல்லியமான தரவு வேண்டும்.

அரக்கோணத்திலும் காட்டுப்பள்ளியிலும்

காம்காசா போன்ற பெயர்கள் எதைக் குறிக்கின்றன என்பதை அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளத்தை வைத்து விளக்கலாம். 2009-இல் போயிங் நிறுவனத்திடம் இந்தியா வாங்க ஒப்புக்கொண்ட எட்டு பி-8ஐ கடல் கண்காணிப்பு விமானங்களில் முதலாவது 2013-இல் அங்கே வந்திறங்கியது. நீர்மூழ்கியைத் தேடிக் கண்டுபிடிப்பது அதன் வேலை. அமெரிக்கக் கடற்படை பயன்படுத்தும் அதே ரக விமானம்தான். ஆனால் உள்ளே இருந்த தகவல்தொடர்புக் கருவிகள் அதே ரகம் அல்ல. தகவல்தொடர்பு ஒப்பந்தத்தில் இந்தியா அப்போது கையெழுத்திடாததால், அமெரிக்கச் சட்டப்படி உயர்தரச் சங்கேதக் கருவிகளைத் தர முடியவில்லை. வேறு கருவிகள் பொருத்தப்பட்டன. அதாவது, விமானம் கைக்கு வந்துவிட்டது, அந்த விமானத்தால் அமெரிக்க விமானத்தோடு ரகசியமாகப் பேச முடியவில்லை. ஐந்தாண்டு கழித்துக் கையெழுத்தான காம்காசா திறந்தது அந்தப் பூட்டைத்தான்.

அதே தளத்திலிருந்துதான், லடாக் மோதலுக்குப் பின் 2020 நவம்பரில் குத்தகைக்கு எடுக்கப்பட்ட இரண்டு சீகார்டியன் ஆளில்லா விமானங்களும் பறந்தன. 2024 செப்டம்பரில் அவற்றில் ஒன்று சென்னைக்கு அப்பால் கடலில் விழுந்தது. அடுத்த மாதமே அதே குடும்பத்தைச் சேர்ந்த 31 விமானங்களை வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது. குத்தகை, பழக்கம், பிறகு கொள்முதல் என்ற இந்த வரிசையும் கூட்டாண்மை வளரும் ஒரு வழி.

எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் லார்சன் அண்ட் டூப்ரோ கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 7 அன்று சார்லஸ் ட்ரூ என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் அங்கே பழுதுபார்ப்புக்கு வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுதுபார்க்கப்பட்டது அதுவே முதல் முறை. அது போரிடும் கப்பல் அல்ல, போரிடும் கப்பல்களுக்கு வெடிமருந்தும் உணவும் சரக்கும் கொண்டுபோகும் துணைக் கப்பல். அதில் வேலை செய்யும் மாலுமிகளில் பெரும்பாலோர் சீருடைப் படையினரும் அல்லர். சிலர் இதைச் சொல்லி விஷயத்தைச் சிறியதாக்கினார்கள், சிலர் சொல்லாமல் பெரியதாக்கினார்கள். கவனிக்க வேண்டியது அடுத்த ஆண்டு நடந்ததை. 2023 ஜூலையில் அமெரிக்கக் கடற்படை அந்தத் தளத்தோடு ஐந்தாண்டுப் பழுதுபார்ப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. பின்னர் மும்பை மசகான் டாக்கும் கொச்சி கப்பல் கட்டும் தளமும் அதே வகை ஒப்பந்தம் பெற்றன. இதில் இரு அரசுகளும் ஒன்றுக்கொன்று எந்தப் பாதுகாப்பு உறுதியும் தரவில்லை. ஒரு கடற்படையும் ஒரு கம்பெனியும் செய்துகொண்ட வணிக ஒப்பந்தம் அது. ஆனால் போர்க்காலத்தில் தூரத்துத் தளத்துக்கு இழுத்துச் செல்லாமல் வங்காள விரிகுடாவிலேயே கப்பலைச் சரிசெய்துகொள்ளலாம் என்ற வசதி, பல கூட்டறிக்கைகளைவிடக் கனமானது.

ஆவடி சொல்லும் பாடம்

ஒப்பந்த வாசகமே இல்லாமல் ஒரு நாடு இன்னொன்றோடு எவ்வளவு இறுகக் கட்டப்படலாம் என்பதை அறிய ஆவடிக்குப் போக வேண்டும். அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலை 1960-களில் பிரிட்டிஷ் வடிவமைப்பில் விஜயந்தா டாங்கிகளைச் செய்யத் தொடங்கியது. பிறகு சோவியத் உரிமத்தின் கீழ் டி-72 வந்தது. 2001-இல் ரஷ்யாவுடன் 310 டி-90 டாங்கிகளுக்கு ஒப்பந்தமானபோது, 124 முழு வாகனங்களாக வந்தன. மீதி 186 பாகங்களாக வந்து ஆவடியில் கோக்கப்பட்டன. அதற்குப் பின்னும் உரிம உற்பத்தி தொடர்கிறது. ஒரு டாங்கி முப்பது, நாற்பது ஆண்டுகள் படையில் இருக்கும். அத்தனை காலமும் இன்ஜினுக்கும் பீரங்கிக்கும் குண்டுக்கும் பார்வைக் கருவிக்கும் பாகங்கள் வேண்டும். 1971 உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவு போய்விட்டது. இந்தப் பாகங்களின் பட்டியல் போகவில்லை. உக்ரைன் போர் குறித்த ஐ.நா. வாக்கெடுப்புகளில் இந்தியா ஏன் விலகி நின்றது என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. என் மதிப்பீட்டில், ஆவடியின் உதிரி பாகக் கிடங்கை விட்டுவிட்டு எழுதப்படும் எந்த விளக்கமும் முழுமையாகாது.

இது ரஷ்யாவோடு மட்டும் முடியும் கதையன்று. பொக்ரான் சோதனைக்குப் பிறகு 1998-இல் அமெரிக்கா விதித்த தடையால், பிரிட்டனில் வாங்கிய சீகிங் ஹெலிகாப்டர்களுக்குக்கூட அமெரிக்கப் பாகங்கள் கிடைக்காமல் இந்தியக் கடற்படை திண்டாடியது. ஆவடியிலேயே வடிவமைக்கப்பட்ட அர்ஜுன் டாங்கியின் இன்ஜின் ஜெர்மனியுடையது. தேஜஸ் போர் விமானத்தின் இன்ஜின் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் தயாரிப்பு. அது வந்துசேரத் தாமதமானதால் விமான விநியோகமே தள்ளிப்போனது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வெளிநாட்டு விநியோகச் சங்கிலி நிற்கிறது. ஆகவே 'கூட்டணியில் சேராததால் நாம் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்லர்' என்ற வாதத்தை நான் பாதிதான் ஏற்பேன். கட்டு ஒரே கையில் இல்லாமல் பல கைகளில் பிரிந்திருக்கிறது. அதனால் ஒருவர் இழுத்தால் மற்றவர் பக்கம் சாயும் இடம் கிடைக்கிறது. 2018 அக்டோபரில் ரஷ்யாவிடம் எஸ்-400 வான்காப்பு ஏவுகணைகளை வாங்கக் கையெழுத்திட்டபோது ரஷ்ய ஆயுதம் வாங்கும் நாடுகளைத் தண்டிக்கும் அமெரிக்கத் தடைச் சட்டம் தலைக்குமேல் தொங்கியது. காம்காசா கையெழுத்தாகி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தடை வரவில்லை.

சிறிய நாட்டின் பக்கத்திலிருந்து

இதுவரை இந்தியாவைப் பெரிய நாடுகளோடு பேரம் பேசும் நாடாகப் பார்த்தோம். பாக் நீரிணைக்கு அப்பால் நின்று பார்த்தால் இந்தியாவே பெரிய நாடு. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொள்ளப்பட்ட கடிதங்களில், திருகோணமலை உள்ளிட்ட இலங்கைத் துறைமுகங்கள் இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் ராணுவப் பயன்பாட்டுக்கும் தரப்பட மாட்டா என்ற உறுதி இருக்கிறது. ஆனாலும் 2022 ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. செயற்கைக்கோள்களையும் ஏவுகணைகளையும் கண்காணிக்கும் திறன் கொண்ட அந்தக் கப்பலை இந்தியா ஆட்சேபித்தது. இலங்கை முதலில் தள்ளிப்போடச் சொல்லி, பிறகு அனுமதித்தது. கடனும் பொருளாதார நெருக்கடியும் கழுத்தை நெரித்த நேரத்தில் இரு பெரிய நாடுகளில் எதையும் பகைக்க முடியாத சிறிய நாடு, வேறென்ன செய்திருக்கும் என்று கேட்பது நியாயம்தான். 2024-இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்கள் எதுவும் வரக் கூடாது என்று இலங்கை ஓராண்டுத் தடை விதித்ததும் அதே சங்கடத்துக்கு அது கண்ட வழி: ஒருவருக்கு மறுப்பதைவிட எல்லோருக்கும் மறுப்பது எளிது.

இந்தியா அங்கே தேர்ந்தெடுத்த பாதையும் கூட்டணிக்கு வெளியே உள்ள பாதைதான். 2011-இல் இந்தியா, இலங்கை, மாலத்தீவு ஆகிய மூன்றும் கடல் பாதுகாப்புக்காகத் தொடங்கிய சந்திப்பு, 2020-இல் கொழும்பு பாதுகாப்பு மாநாடு என்று உருமாறியது. மொரீஷியசும் வங்கதேசமும் சேர்ந்தன. 2024 ஆகஸ்டில் அதற்குச் சாசனமும் கையெழுத்தானது. போதைக் கடத்தல், பயங்கரவாதம், இணையப் பாதுகாப்பு, பேரிடர் ஆகியவை அதன் அலுவல்கள். 2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் பாதுகாப்பு ஒத்துழைப்புப் புரிந்துணர்வு உடன்பாட்டில் கையெழுத்திட்டபோது இலங்கைக்குள் ஆட்சேபங்கள் எழுந்தன. 2007-இல் சென்னையில் அமெரிக்கக் கப்பலைக் குறித்துக் கேட்கப்பட்ட கேள்விகள், ஆள் மாறி, அங்கே இந்தியாவைக் குறித்துக் கேட்கப்பட்டன.

இந்த முறையால் முடியாதவை

கூட்டாண்மை எவ்வளவு ஆழமானாலும், தாக்குதல் நடக்கும் நாளில் யாரும் வந்தாக வேண்டும் என்ற கடமை இல்லை. 1994 புடாபெஸ்ட் குறிப்பாணையில் அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்யாவும் உக்ரைனின் எல்லைகளை மதிப்பதாக உறுதி கூறின. பதிலுக்கு உக்ரைன் தன் மண்ணில் இருந்த சோவியத் அணு ஆயுதங்களைக் கைவிட்டது. 2014-இலும் 2022-இலும் உறுதி கூறியவர்களில் ஒருவரே படையெடுத்தார். மற்றவர்கள் ஆயுதமும் பணமும் தந்தார்கள், படை தரவில்லை. சட்டப்படி அவர்கள் எதையும் மீறவில்லை.

பின்லாந்தும் சுவீடனும் இதிலிருந்து தங்கள் முடிவுக்கு வந்தன. இரண்டும் 1994 முதல் நேட்டோவின் கூட்டாளி நாடுகள். சேர்ந்து பயிற்சி செய்தவை, ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பியவை. கூட்டாண்மையில் அவை பெறாதது பிரிவு 5 ஒன்றுதான். அந்த ஒன்றுக்காகவே 2023 ஏப்ரலில் பின்லாந்தும் 2024 மார்ச்சில் சுவீடனும் உறுப்பினராயின. எனினும் உறுப்பினரான பிறகு அவை நேட்டோவுக்குள் எளிதாகப் பொருந்தியதற்கு, முப்பது ஆண்டுக் கூட்டாண்மைப் பழக்கமே காரணம்.

இன்னொரு குறை நம் வீட்டுக்குள் இருக்கிறது. அமெரிக்காவில் முறையான உடன்படிக்கைக்கு செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்; நிர்வாக ஒப்பந்தத்துக்கு வேண்டாம். இந்தியாவில் உடன்பாடு செய்வது அரசின் நிர்வாக அதிகாரம். சட்டத் திருத்தம் தேவைப்பட்டால் ஒழிய நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயமில்லை. இதனால் லெமோவா போன்ற ஒப்பந்தங்களின் முழு வாசகம் பொதுவெளிக்கு வராமலேயே அவை நடைமுறையில் இருக்கின்றன. ரகசியம் காக்க வேண்டிய இணைப்புகளை மூடி வைப்பதில் நியாயம் உண்டு. எரிபொருள் வாங்கிப் பில் கட்டும் ஒப்பந்தத்தின் மூல வாசகத்தை மூடி வைப்பதில் என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த அறிவிப்பு வரும்போது

இனி ஒரு 'விரிவான', 'சிறப்பு', 'முன்னுரிமை' கூட்டாண்மை அறிவிக்கப்பட்டால், அடைமொழியைத் தள்ளிவிட்டு மூன்றைப் பார்த்தால் போதும்.

1. செய்யும் வேலை என்ன? கப்பல், விமானம், தரவு, தொழிற்சாலை என்று தொட்டுக் காட்டக்கூடிய ஏதாவது அதில் இருக்கிறதா, அல்லது தொடர்ந்து பேசுவோம் என்பதோடு நிற்கிறதா?

2. ஒருவர் நிறுத்தினால் மற்றவருக்கு என்ன நின்றுபோகும்? பயிற்சி நின்றால் ஓராண்டு இழப்பு. உதிரி பாகம் நின்றால் படைப்பிரிவே நிற்கும்.

3. விலகும் வழி எப்படி இருக்கிறது? பலர் வாசிக்காமல் விடும் கடைசிப் பக்கம் இது. அமெரிக்காவோடு 1951 முதல் முறையான பாதுகாப்பு உடன்படிக்கை வைத்திருக்கும் பிலிப்பைன்சில், அமெரிக்கப் படையினர் வந்துபோவதற்கான சட்ட ஏற்பாடு தனி ஒப்பந்தத்தில் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் அதிபர் துதெர்தே அதை மட்டும் ரத்து செய்ய 180 நாள் அறிவிப்புக் கொடுத்தார். உடன்படிக்கை அப்படியே இருந்தது, ஆனால் அதைச் செயல்படுத்த அமெரிக்க வீரர்கள் எந்த விதியின்கீழ் அந்த மண்ணில் கால்வைப்பார்கள் என்ற கேள்வி எழுந்துவிட்டது. காலக்கெடு நீட்டிக்கப்பட்டு, 2021 ஜூலையில் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. 2023-இல் அவருக்கு அடுத்த அரசு, அமெரிக்கப் படைகள் பயன்படுத்தும் இடங்களை ஐந்திலிருந்து ஒன்பதாக உயர்த்தியது. 1951 உடன்படிக்கையில் இதற்காக ஓர் எழுத்துகூட மாற்றப்படவில்லை.